பெடலில் இருக்கும் கால்: இதயத்துடிப்புச் சிகிச்சையும் எக்ஸ்-ரே கதிர்வீச்சும்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

திடீரென்று நிமிடத்துக்கு 180, 200 என்று தறிகெட்டு ஓடும் இதயத்துடிப்பைச் சரிசெய்யும் அப்லேஷன் சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் கொண்டுபோய், கோளாறுக்குக் காரணமான இடத்தைக் கண்டுபிடித்து, கதீட்டர் நுனியால் அங்கே சில மில்லிமீட்டர் அளவுக்குச் சூடு வைக்கிறோம் என்று விளக்கிவிட்டு, கதீட்டர் போகும் வழியை எக்ஸ்-ரே திரையில் பார்த்தபடியே இதைச் செய்வோம் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியவை. எனவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 16 வயது. படபடப்பு வந்து இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில், பிறவியிலேயே இதயத்தில் ஒரு கூடுதல் மின்பாதை இருக்கிறது என்று சொல்லி, டபிள்யூ.பி.டபிள்யூ. என்று எழுதிக்கொடுத்தார்கள். ‘ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன்’ செய்துகொள்வது நல்லது என்கிறார் டாக்டர். பெயரிலேயே ரேடியேஷன் இருக்கிறதே, நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது பிரச்சினை ஆகாதா என்று என் மாமியார் மறுக்கிறார். வயிற்றின் மேல் ஈயக் கவசம் போடச் சொன்னால் போதுமா? — ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியாரின் சந்தேகத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன, அம்மா. ரேடியோ ஃப்ரீக்வென்சி என்பது சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் அளவில் மாறி மாறிப் பாயும் மின்சாரம். அறுவை சிகிச்சையில் ரத்தக்கசிவை நிறுத்தச் சூடு வைக்கும் கருவியில் இருப்பதும் ஏறத்தாழ இதே வகை மின்சாரம்தான். கதீட்டர் நுனி தொடும் திசுவை அது சூடாக்கும், அவ்வளவுதான். செல்லுக்குள் புகுந்து மரபணுவைச் சிதைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. பெயரில் உள்ள ‘ரேடியோ’ வானொலி அலைகளின் அலைவரிசையைக் குறிக்கிறது.

கதிர்வீச்சு வருவது வேறோர் இடத்திலிருந்து. கேத் லேபில், அதாவது கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறையில், நோயாளி படுக்கும் மேசைக்குக் கீழே எக்ஸ்-ரே குழாயும், மார்புக்கு மேலே படத்தை வாங்கும் தட்டும் இருக்கும். டாக்டரின் காலடியில் ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்திருக்கும் நேரமெல்லாம் கதிர் பாயும், திரையில் இதயத்தின் நிழலும் கதீட்டர்களும் அசையும், காலை எடுத்த நொடியே கதிர் நின்றுவிடும். ஆக, உங்கள் மகளின் உடம்பில் எவ்வளவு கதிர் விழப்போகிறது என்பதில் பெரும்பங்கு அந்தக் காலைப் பொறுத்தது. நான் பயிற்சியில் இருந்த நாட்களில் திரையைப் பார்க்காமல் நர்ஸிடம் மருந்தின் அளவைப் பேசிக்கொண்டே பெடலை மிதித்தபடி நிற்பேன். எனக்குக் கற்றுத்தந்த மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் தன் செருப்பு நுனியால் என் கணுக்காலைத் தட்டுவார். அந்தத் தட்டு இன்றைக்கும் என் கணுக்காலில் இருக்கிறது.

ஈயக் கவசத்துக்கு வருகிறேன். மேலே இருந்து போர்த்தினால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்புதான், ஆனால் கதிர் கீழிருந்து வருகிறது. மார்பில் விழும் கதிரில் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே சிதறித்தான் வயிற்றுப் பக்கம் போகிறது என்பதால், வயிற்றின் மேல் போடும் கவசம் அதைத் தடுக்க முடியாது. அது நழுவி கதிர்ப்பாதைக்குள் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: படம் இருட்டாகத் தெரிவதை உணர்ந்த இயந்திரம் தானாகவே கதிரைக் கூட்டிவிடும். கையை மார்பின் மேல் வைக்காமல் பக்கவாட்டில் வைக்கச் சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம்.

சினைப்பை, கருப்பை இரண்டும் நேரடிக் கதிருக்கு வெளியே இருக்கின்றன. இடுப்பு வழியாகக் கதீட்டரை மேலே ஏற்றும்போது சில நொடிகள் அந்தப் பக்கம் பார்க்க நேரலாம். அதையும் கவனமாக இருப்பவர்கள் தவிர்த்துவிடுவார்கள். கர்ப்பிணிக்கே அப்லேஷன் செய்ய நேர்ந்தாலும் கருவில் விழும் அளவு பொதுவாக 1 மில்லிகிரேக்கும் (கிரே என்பது உடம்பு உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு) குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கருவுக்குக் குறைபாடு வரலாம் என்று கவலைப்படும் அளவு 100 மில்லிகிரேக்கு மேலே இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்பிழைத்தவர்களுக்குப் பின்னர் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் கண்காணித்தும், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடந்த பாதிப்பு எதுவும் நிறுவப்படவில்லை. ஆகவே கல்யாணம், குழந்தை என்ற கவலையை உங்கள் மாமியார் விட்டுவிடலாம்.

ஆனால் 16 வயது என்பது வேறொரு காரணத்துக்காக முக்கியம். வளரும் வயதில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. முன்னால் 60, 70 ஆண்டு வாழ்க்கையும் இருக்கிறது. அதே அளவு கதிர் 60 வயதுக்காரரைவிட இளையவருக்குப் புற்றுநோய் வாய்ப்பைக் கூடுதலாக்கும். மொத்த வாய்ப்பு மிகச் சிறியதுதான் என்றாலும், தேவையில்லாத ஒரு நிமிடம்கூட வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுபக்கம், இந்தக் கூடுதல் பாதையைச் சும்மா விட்டுவைத்தால், சிலருக்கு, மிகச் சிலருக்குத்தான் என்றாலும், உயிருக்கே ஆபத்தான வேகத்தில் துடிப்பு ஓட வாய்ப்பு இருக்கிறது. அப்லேஷனில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடாமல், கதிரைக் குறைக்கும் வழியைக் கேளுங்கள் என்பதே என் யோசனை. அந்த வழிகளை அடுத்தடுத்த பதில்களில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு (67) சென்ற மாதம் அப்லேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் “ஃப்ளூரோ நேரம் 18 நிமிடம், ஏர் கெர்மா 310, டி.ஏ.பி. 24” என்று மூன்று எண்கள் இருக்கின்றன. கேட்டதற்கு ‘அது எங்கள் கணக்குக்கு’ என்றார்கள். என்ன பொருள்? — ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: அது உங்கள் கணக்கும்தான். அந்த எண்களைத் தாளில் எழுதித் தந்திருப்பதற்காகவே அந்த மருத்துவமனையை ஒருமுறை பாராட்டலாம், எழுதாதவர்களே அதிகம்.

முதல் எண் பெடலை மிதித்த மொத்த நேரம். எல்லோருக்கும் புரிகிற எண் இதுதான், ஆனால் தனியாகப் பார்த்தால் ஏமாற்றும் எண்ணும் இதுதான். கதிர் தொடர்ச்சியாகப் பாய்வதில்லை. துடிப்புத் துடிப்பாக, நொடிக்கு இத்தனை படம் என்று பாய்கிறது. நொடிக்கு 15 படம் எடுக்கும் 18 நிமிடமும், 4 படத்துக்கும் குறைவாக எடுக்கும் 18 நிமிடமும் கடிகாரத்தில் ஒன்று, உடம்புக்கு வேறு.

இரண்டாவது எண், கதிர் உள்ளே நுழையும் இடத்தில், அதாவது முதுகுத் தோலில், ஏறத்தாழ எவ்வளவு விழுந்தது என்பதற்கான மதிப்பீடு. 310 என்பது மில்லிகிரே. ஒரே இடத்தில் 2,000 மில்லிகிரேயைத் தாண்டினால் தோல் சிவக்கலாம், 3,000 அளவில் அந்த இடத்து முடி தற்காலிகமாக உதிரலாம். உங்கள் கணவர் அந்த எல்லையின் அருகில்கூடப் போகவில்லை. பல மணி நேரம் நீளும் சிக்கலான சிகிச்சைகளில் அந்த எல்லையைத் தொடுவது உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் இரண்டு மூன்று வாரம் கழித்து முதுகைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். இது நடக்காமல், சிவந்த முதுகைப் பூச்சிக்கடி என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிய ஒருவர் ஒருமுறை என்னிடம் வந்திருக்கிறார்.

மூன்றாவது எண்தான் முழு உடம்புக்கான கணக்குக்கு வழி. கதிரின் அளவை அது விழுந்த பரப்பால் பெருக்கி வரும் தொகை அது. 24 என்பது கிரே-சதுர சென்டிமீட்டர். சில இயந்திரங்கள் இதையே மைக்ரோகிரே-சதுர மீட்டரில் 2,400 என்று அச்சிடும், பயந்துவிட வேண்டாம். இதய சிகிச்சைகளில் இந்த எண்ணை 0.2 ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் அளவு, அதாவது முழு உடம்புக்கான பாதிப்பைச் சொல்லும் அளவு, தோராயமாகக் கிடைக்கும். உங்கள் கணவருக்குச் சுமார் 5 மில்லிசீவர்ட்.

இது எவ்வளவு என்றால், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதன் சும்மா இருந்தாலே வாங்கும் கதிர் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். தோரியம் கலந்த கடற்கரை மணல் உள்ள மணவாளக்குறிச்சிப் பக்கம் இது சராசரியைவிடக் கூடுதல். மார்பு எக்ஸ்-ரே ஒன்று 0.02 முதல் 0.1 வரை, மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்று சுமார் 7. ஆக, உங்கள் கணவர் வாங்கியது இரண்டு ஆண்டு இயற்கைக் கதிர், ஒரு சி.டி.யைவிடச் சற்றுக் குறைவு. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் பயன்படுத்தும் விகிதப்படி பார்த்தால், 5 மில்லிசீவர்ட் வாங்கிய 4,000 பேரில் ஒருவருக்கு அதனால் உயிர்கொல்லும் புற்றுநோய் வரக்கூடும். இது எல்லா வயதினரையும் சேர்த்த சராசரி; 67 வயதில் இன்னும் குறைவு. இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கிறது என்ற கணக்கின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். தாளைப் பத்திரமாக வையுங்கள். மறுபடி அப்லேஷனோ ஆஞ்சியோவோ தேவைப்பட்டால் அடுத்த டாக்டரிடம் அதைக் காட்டுங்கள்.

கேள்வி: எக்ஸ்-ரேயே இல்லாமல் அப்லேஷன் செய்கிறார்கள் என்று படித்தேன். திரையில் பார்க்காமல் இதயத்துக்குள் கம்பியை எப்படி ஓட்டுவார்கள்? — மின்னணுவியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பார்க்காமல் ஓட்டுவதில்லை, வேறு கண்ணால் பார்க்கிறார்கள். உங்கள் படிப்புக்கு இது பிடித்த விஷயமாக இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இருட்டறையில் சுவரைத் தடவித் தடவி அறையின் வடிவத்தை மனத்தில் வரைந்துகொள்வது போன்றது இது. ஒரு முறையில், மேசைக்கு அடியில் வைத்த சுருள்கள் மிக மெல்லிய காந்தப்புலங்களை உண்டாக்கும். கதீட்டர் நுனியில் உள்ள உணர்வி அந்தப் புலங்களின் வலிமையை அளந்து, தான் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஒரு மில்லிமீட்டர் அளவு நுட்பத்தில் சொல்லும். இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள டெக்னியனில் உருவான இந்த முறை 1997-இல் ஆய்விதழில் வெளியானது. கார்ட்டோ என்ற பெயரில் இன்று உலகெங்கும் இருக்கிறது. இன்னொரு முறையில், மார்பு, முதுகு, விலாப்புறம், கழுத்து, தொடை என்று ஒட்டிய மூன்று ஜோடிப் பட்டைகளுக்கு இடையே உணரவே முடியாத மின்னோட்டத்தைச் செலுத்தி, கதீட்டரில் தென்படும் மின்னழுத்தத்தைக் கொண்டு அதன் இடத்தைக் கணிக்கிறார்கள். எப்படியானாலும், கதீட்டர் இதயத்தின் உட்சுவரைத் தொட்டுத் தொட்டு நகர, கணினித் திரையில் அறையின் முப்பரிமாண வடிவம் வளர்ந்துகொண்டே வரும். எந்த இடத்துக்கு மின்துடிப்பு முதலில் வருகிறது, எங்கே தாமதமாக வருகிறது என்பது வண்ணங்களாக அதன் மேல் படியும். சூடு வைத்த ஒவ்வொரு புள்ளியும் அதில் ஒரு சிறு உருண்டையாகப் பதிந்து நிற்கும். எக்ஸ்-ரே நிழலில் இந்த நினைவு கிடையாது. பத்து நிமிடம் முன்பு எங்கே சூடு வைத்தோம் என்பதை டாக்டர் தன் மனத்தில்தான் வைத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கதிர் குறைந்ததைவிட இந்த நினைவு கிடைத்ததுதான் பெரிய லாபம்.

மூன்றாவது கண் எக்கோ. பென்சிலைவிட மெல்லிய கதீட்டரின் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்து, அதையும் தொடைச் சிரை வழியாகவே இதயத்துக்குள் ஏற்றிவிடுகிறார்கள். எக்ஸ்-ரேயில் இதயச் சுவர் தெரியாது, நிழலின் விளிம்பு மட்டுமே தெரியும்; எக்கோவில் சுவரும் தெரியும், சுவரின் மேல் கதீட்டர் படிந்திருப்பதும் தெரியும், இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியத் தொடங்கினால் ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே அதுவும் தெரியும்.

இப்படிச் செய்தால் உண்மையிலேயே குறைகிறதா என்பதற்கு ஆய்வு இருக்கிறது. இதயத்தின் மேலறையிலிருந்து கிளம்பும் வேகத்துடிப்புக்காக அப்லேஷன் செய்துகொண்ட 262 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட, 2016-இல் வெளியான நோ-பார்ட்டி ஆய்வில், முப்பரிமாண முறைக் குழுவில் நூற்றுக்கு 72 பேருக்கு எக்ஸ்-ரே பெடலை ஒருமுறைகூட மிதிக்காமலேயே சிகிச்சை முடிந்தது. குணமடைந்த அளவிலும் சிக்கல்களிலும் பின்தங்கவில்லை.

ஆனாலும் பூஜ்யம் என்ற எண்ணைப் பதக்கம்போல் சூடிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இடது மேலறைக்குப் போக நடுச்சுவரை ஊசியால் துளைக்கும்போதும், ஏற்கெனவே பேஸ்மேக்கர் கம்பி உள்ளவரிடம் அந்தக் கம்பி இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும்போதும், சந்தேகம் வந்தால் அரை நிமிடம் எக்ஸ்-ரேயைப் பார்ப்பவரே நல்ல டாக்டர். சூட்டுக்குப் பதிலாகக் குளிரால் திசுவை உறைய வைக்கும் பலூன் சிகிச்சையில், பலூன் நுரையீரல் சிரையின் வாயை முழுதாக அடைத்திருக்கிறதா என்பதை, எக்ஸ்-ரேயில் தெரியும் டை (சாயம்) செலுத்தி எக்ஸ்-ரேயில் பார்ப்பதே இன்னும் பெரும்பாலான இடங்களில் வழக்கம். பேஸ்மேக்கர் வைப்பதும் பெரும்பாலும் எக்ஸ்-ரேயை நம்பித்தான் நடக்கிறது.

கேள்வி: முப்பரிமாண வசதி உள்ள இடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகச் சொல்கிறார்கள். என்னால் முடியாது. எனக்கு ஏ.வி.என்.ஆர்.டி. என்ற வகை. சாதாரண எக்ஸ்-ரே முறையில் செய்துகொண்டால் தவறா? — அரியலூர் வாசகர்

பதில்: தவறே இல்லை. ஏ.வி.என்.ஆர்.டி. என்பது இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. முடிச்சில் மின்துடிப்பு சுற்றிச் சுற்றி ஓடுவதால் வரும் வேகத்துடிப்பு. இந்த வகையில் சூடு வைக்க வேண்டிய இடம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே பகுதியில் இருக்கும். அதைத் தேடி இதயம் முழுக்க வரைபடம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கை பழகிய ஒருவர் சாதாரண முறையிலேயே சில நிமிட எக்ஸ்-ரேயில் இதை முடித்துவிடுவார். பழகாதவர் விலை உயர்ந்த கருவியை வைத்துக்கொண்டும் பெடலை மிதித்துக்கொண்டிருப்பார். ஒரே இயந்திரத்தில், ஒரே மாதத்தில், ஒரே வகைச் சிகிச்சைக்கு இரண்டு டாக்டர்களின் எண்கள் ஐந்து மடங்கு வேறுபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

காசில்லாமல் கதிரைக் குறைக்கும் வழிகள் பல உண்டு, அவை எல்லாம் பழக்கம் சார்ந்தவை. பழைய இயந்திரங்களில் நொடிக்கு 30 படம் என்று ஓட்டிய காலம் இருந்தது. கதீட்டரை நகர்த்திப் பார்க்க 7.5 படமே தாராளம், பலர் 4-க்கும் கீழே இறக்கிவிடுகிறோம். படம் சற்று வெட்டி வெட்டி அசையும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். கதிர் விழும் சதுரத்தின் நான்கு ஓரங்களையும் ஷட்டர் போட்டு, தேவையான இடத்துக்கு மட்டும் குறுக்கிவிடலாம். இதில் படமும் தெளிவாகும். படம் வாங்கும் தட்டை மார்பை ஒட்டி இறக்கி, மேசையை எக்ஸ்-ரே குழாயிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் பொத்தானைத் தொடாமல் இருக்கலாம். பதிவுக்காகச் சினி எனப்படும் தெளிவான அசையும் படத்தை ஓட்டினால் சாதாரணமாகப் பார்ப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கதிர் போகும். கடைசியாகத் திரையில் நின்ற படத்தைச் சேமித்தாலே பெரும்பாலும் போதும். அப்புறம், முன்பே சொன்ன கால்.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது கருவியின் பெயரை அல்ல. “இந்த வகையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், வழக்கமாக எவ்வளவு ஃப்ளூரோ நேரம் ஆகும், என் தாளில் டி.ஏ.பி. எண்ணை எழுதித் தருவீர்களா” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உடனே எண்ணைச் சொல்பவர், அதைக் கவனித்து வருபவர்.

திண்டுக்கல் தாய்க்கும் ஒரு வார்த்தை: உங்கள் மகளின் வயதில், கூடுதல் பாதை எங்கே இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் நிலையில், வசதி இருந்தால் முப்பரிமாண முறைக்குப் பணம் செலவழிப்பது பொருத்தமானது. காப்பீட்டில் அந்தக் கதீட்டருக்கும் பட்டைகளுக்கும் சேர்த்து அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, நான் ஒரு தனியார் மருத்துவமனை கேத் லேபில் ஸ்டாஃப் நர்ஸ். நோயாளிக்கு ஒருநாள்தான், எங்களுக்குத் தினமும். எங்கள்மீது விழும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை எல்லோரும் லாக்கரிலேயே வைத்துவிடுகிறோம். அளவு கூடினால் விளக்கம் கேட்பார்கள் என்று சீனியர் சொல்கிறார். இப்போது நான் இரண்டு மாதக் கர்ப்பம். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. — பெயர் வேண்டாம், மதுரை

பதில்: முதலில் சொல்லிவிடுங்கள், நாளைக்கே, எழுத்தில். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியிடங்களை ஒழுங்குபடுத்தும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது. ஆனால் கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு வயிற்றில் உள்ள குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. அதற்கேற்ப உங்கள் வேலையை மாற்றித் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. நீங்கள் சொல்லாதவரை அந்தக் கடமை தொடங்குவதே இல்லை. இதுவரை ஈய ஏப்ரன் (கதிரைத் தடுக்கும் மேலங்கி) அணிந்து செய்த வேலையால் குழந்தைக்குக் கெடுதல் நேர்ந்திருக்குமோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்; ஏப்ரனுக்கு உள்ளே விழும் அளவு மிகக் குறைவு. ஆனால் அதை உறுதியாகச் சொல்ல வேண்டிய பேட்ஜ் லாக்கரில் தூங்குகிறது என்பதுதான் என் வருத்தம். அளவு கூடினால் விளக்கம் கேட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் பெடலை மிதிப்பவரும்தான். பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் குத்திக்கொள்ளுங்கள்.

கேத் லேபில் நிற்பவர்மீது விழுவது பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிர். தூரம் இரட்டிப்பானால் அது நான்கில் ஒரு பங்காகும். மேசையிலிருந்து அரை மீட்டரில் நிற்பவர் ஓர் எட்டு பின்னால் வைத்து ஒரு மீட்டருக்குப் போனாலே முக்கால்வாசி குறைந்துவிடும். குழாய் கீழே இருப்பதால் சிதறல் மேசைக்குக் கீழேதான் அதிகம். மேசை ஓரத்தில் தொங்கும் ஈயத் திரையை இடைஞ்சல் என்று சுருட்டி வைக்க விடாதீர்கள். மருந்து எடுக்கத் திரும்பும்போது முன்பக்கம் மட்டும் மூடிய ஏப்ரன் உங்கள் முதுகைக் காப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். மருந்து செலுத்த நோயாளி அருகே வர வேண்டியிருந்தால், “டாக்டர், காலை எடுங்கள்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லத் தயங்காத நர்ஸ் இருக்கும் லேபில் எல்லோருடைய பேட்ஜும் குறைவாகவே காட்டும்.

ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள், தொங்கவிடுங்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் எல்லா ஏப்ரன்களையும் ஒருநாள் எக்ஸ்-ரேயில் வைத்துப் பார்த்தபோது, நான் ஆண்டுக்கணக்கில் அணிந்த ஏப்ரனில் இடுப்புக்கு நேரே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. வெளித்துணி புதிதுபோல் பளபளத்தது. கண்ணுக்கு ஈயக் கண்ணாடியும் கேளுங்கள்: கண்வில்லையில் புரை விழ முன்பு நினைத்ததைவிடக் குறைந்த கதிரே போதும் என்று கண்டு, சர்வதேச ஆணையம் 2011-இல் கண்ணுக்கான ஆண்டு வரம்பை 150-லிருந்து 20 மில்லிசீவர்ட்டாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. கேத் லேப் டாக்டர்களில் மூளைக்கட்டி வந்த 31 பேரைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இடப்பக்கமே கட்டி இருந்தது. குழாய்க்கு அருகில் இருப்பதும் அவர்களின் இடப்பக்கம்தான். இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வல்ல. எனக்கோ, கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பை இழுத்து முகத்துக்கு முன்னே வைக்க அது போதுமான காரணம்.

கேள்வி: 112 கிலோ எடை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) அப்லேஷன் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் சி.டி. ஒன்றும். எடையால் கதிர் கூடுமா? — சென்னை வாசகர்

பதில்: கூடும், கணிசமாக. கதிர் கடக்க வேண்டிய உடம்பு தடிமனாக இருந்தால் இயந்திரம் தானாகவே கதிரைக் கூட்டும். மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடினாலே நுழையும் கதிர் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சி.டி. எதற்கு என்று கேளுங்கள். இடது மேலறையின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் என்றால், சிகிச்சையின்போது வரையும் முப்பரிமாணப் படமே போதும் என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க என்றால், தொண்டை வழியே விடும் எக்கோவில் பார்க்கலாம். அவசரம் இல்லாத நிலையில் சில மாதம் எடுத்து எடையைக் குறைக்க முடியுமா என்பதையும் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015-இல் வெளியான லெகசி ஆய்வில், எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு இந்தக் கோளாறு திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு, குறைக்காதவர்களைவிட ஆறு மடங்கு கூடுதலாக இருந்தது. உங்களுக்கு 11 கிலோ என்பது கதிரையும் குறைக்கும், இரண்டாவது அப்லேஷனுக்குப் போகும் வாய்ப்பையும் குறைக்கும்.

கேள்வி: அப்லேஷன் செய்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. என் உடம்பிலிருந்து கதிர் அடிக்கும் என்று சொல்லி மருமகள் பேத்தியை என்னிடம் விட மறுக்கிறாள். அவளுக்கு ஒன்றரை வயது. எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும்? — ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: ஒரு நாளும் வேண்டாம், அம்மா. விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை, எக்ஸ்-ரேயும் அப்படியே. பெடலிலிருந்து கால் எடுத்த கணத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, உங்கள் உடம்பில் எதுவும் மிச்சம் இல்லை. கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிச் செய்யும் சில ஸ்கேன்களுக்குப் பிறகு சிறிது நேரம் குழந்தைகளிடமிருந்து தள்ளியிருக்கச் சொல்வார்கள். மருமகள் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சுங்கள். ஆனால் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைப்பதற்கு மட்டும் ஒரு வாரம் பொறுங்கள். தொடை இடுக்கில் துளைபோட்ட சிரை ஆற அவ்வளவு நாள் வேண்டும். அதுவரை யாராவது அவளைத் தூக்கி உங்கள் மடியில் உட்காரவைக்கட்டும்.